கல்லறையில் ஊர் தேடுகிறவர்கள்

ஜெர்மனியில் கல்லறை என்பது பெரும்பாலும் குத்தகை இடம். ஊருக்கு ஊர் விதி மாறும். பொதுவாக 20 முதல் 30 ஆண்டுகள் வரை தவணை. அதற்குப் பிறகு கல்லைப் பெயர்த்தெடுத்துவிட்டு இடத்தை அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவார்கள். பென்சில்வேனியாவிலிருந்தோ விஸ்கான்சினிலிருந்தோ கிளம்பி, முப்பாட்டனின் தகப்பனாரைத் தேடிக்கொண்டு ரைன் நதிக்கரை கிராமத்தில் வந்து இறங்கும் அமெரிக்கர்கள் ஏமாந்து நிற்பது இதனால்தான். ஊர் இருக்கும், தேவாலயம் இருக்கும், அதே குடும்பப் பெயரில் ஒரு ரொட்டிக் கடைகூட இருக்கும். கல்லறைத் தோட்டத்தில் மட்டும் இரண்டு தலைமுறைக்கு முந்தைய கல்லைக் காண்பது அரிது.

அமெரிக்காவில் நிலைமை தலைகீழ். அங்கே நட்ட கல்லை யாரும் பிடுங்குவதில்லை. 1683இல் கிரெஃபெல்ட் பகுதியிலிருந்து 13 குடும்பங்கள் கப்பலேறி வந்து பிலடெல்பியாவுக்குப் பக்கத்தில் ஜெர்மன்டவுன் என்ற ஊரை அமைத்த காலம்தொட்டு, ஜெர்மானியர்கள் குடியேறிய இடமெல்லாம் கல்லறைத் தோட்டங்கள் நிற்கின்றன. ஆனால் அந்தக் குடும்பங்களின் பழைய ஏடுகள், அதாவது ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் போதகர்கள் எழுதிவந்த சபைப் பதிவேடுகள், ஜெர்மனியில் கிடக்கின்றன. பல ஊர்களில் அவை 16ஆம், 17ஆம் நூற்றாண்டுவரை பின்னால் போகும். கல் ஒரு கரையில், ஏடு மறுகரையில். நடுவே அட்லாண்டிக். கல்லறைக் கல்லை வைத்துக் குடும்ப வரலாற்றை எவ்வளவு தூரம் எழுத முடியும் என்ற கேள்வியே இந்த விலகலில்தான் பிறக்கிறது.

இரண்டையும் இணைக்கும் சாவி ஊர்ப் பெயர். பதிவேடுகள் சபைவாரியாக இருப்பதால் ஊர் தெரியாதவருக்கு அவற்றின் கதவு திறக்காது. அமெரிக்க அரசின் காகிதங்களோ இந்த விஷயத்தில் மகா கஞ்சத்தனம். 19ஆம் நூற்றாண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பிறந்த இடம் என்ற கட்டத்தில் 'பிரஷ்யா', 'பவேரியா' என்றோ வெறுமனே 'ஜெர்மனி' என்றோ எழுதி முடித்துவிடுவார்கள். கப்பல் பட்டியல் கைகொடுக்குமா என்றால், அது எந்தத் துறைமுகம் என்பதைப் பொறுத்தது. ஹாம்பர்க் வழியாகப் போனவர்களின் பட்டியல் 1850 முதல் 1934 வரை பெரும்பாலும் தப்பியிருக்கிறது. கடைசியாகக் குடியிருந்த ஊரும் அதில் உண்டு. பிரேமன் வழியாகப் போனவர்களுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. வைக்க இடமில்லையென்று பழைய பட்டியல்களை அந்த நகரமே ஒழித்துக்கட்டியது. மிஞ்சியதில் பெரும்பகுதி இரண்டாம் உலகப் போரில் போயிற்று. லட்சக்கணக்கான குடும்பங்களுக்கு, தாத்தா எந்த ஊர்க்காரர் என்பதற்கு எஞ்சியிருக்கும் எழுத்து, மிஸ்ஸூரியிலோ டெக்சஸிலோ ஒரு மேட்டில் சாய்ந்து நிற்கும் கல்லில் பொறித்த ஒற்றை வரியாக இருப்பதுண்டு. கல்லறைக் கல்லின் முதல் மதிப்பு அந்த வரியில்தான். தேதியெல்லாம் இரண்டாம்பட்சம்.

ஆனால் ஊர்ப் பெயரே ஏமாற்றும். 1871வரை ஜெர்மனி என்றொரு நாடே கிடையாது, ராஜ்யங்களும் சிற்றரசுகளும்தான். 'ஹனோவர்' என்று கல்லில் இருந்தால் அது நகரமா, அந்தப் பெயரில் இருந்த ராஜ்யமா? நம் பக்கம் 'தஞ்சாவூர்க்காரர்' என்று சொல்லிக்கொள்கிறவர் பட்டுக்கோட்டைக்குப் பக்கத்துக் கிராமத்துக்காரராக இருப்பதுபோல்தான் இதுவும். நொய்ஸ்டாட் என்றால் 'புது ஊர்'. அந்தப் பெயரில் ஜெர்மனி முழுக்க ஊர்கள் சிதறிக் கிடக்கின்றன. போதாக்குறைக்கு, கல் தச்சர் காதில் விழுந்ததை விழுந்தபடி செதுக்கியிருப்பார். இப்படிப்பட்ட சிக்கலை அவிழ்க்க ஆய்வாளர்கள் இன்றும் புரட்டுவது 1912இல் வெளிவந்த மேயர்ஸ் ஊர்ப்பெயர் அகராதியை. பேரரசின் குக்கிராமங்கள்வரை அதில் பதிவாகியிருக்கின்றன. எந்த ஊர் எந்த நிர்வாக வட்டத்தைச் சேர்ந்தது என்பதும் தெரிந்துவிடும்.

இந்தச் சிக்கல் உச்சத்துக்குப் போவது வடக்கு டகோட்டாவில். அங்குள்ள ஜெர்மானியர்களில் பெரும்பாலோர் ஜெர்மனியிலிருந்து நேராக வந்தவர்கள் அல்லர். ரஷ்யப் பேரரசி கேத்தரின் 1763இல் அயல்நாட்டு விவசாயிகளுக்கு நிலமும் சலுகைகளும் தருவதாக அறிவித்தார். முதலில் வோல்கா கரைக்கும், அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் கருங்கடல் ஓரத்துக்கும் ஜெர்மானியர்கள் போனார்கள். 1870களில் ரஷ்ய அரசு அந்தச் சலுகைகளைப் பறித்து ராணுவ சேவையைக் கட்டாயமாக்கவே, பேரன்கள் மறுபடி மூட்டை கட்டி அமெரிக்கச் சமவெளிக்கு வந்தார்கள். போன இடத்திலெல்லாம் பழைய ஊரின் பெயரையே புதிய ஊருக்கும் வைத்தார்கள். ஆகவே ஒரு கல்லில் 'ஸ்ட்ராஸ்பர்க்கில் பிறந்தவர்' என்றிருந்தால் அது அல்சாஸின் பெருநகரமாக இருக்கலாம். ஒடெஸாவுக்குப் பக்கத்தில் 1808இல் அமைந்த விவசாயக் குடியிருப்பாக இருக்கலாம். வடக்கு டகோட்டாவின் எமன்ஸ் மாவட்டத்திலுள்ள சிற்றூராகவும் இருக்கலாம். தொலைக்காட்சி இசைக்குழுத் தலைவர் லாரன்ஸ் வெல்க் 1903இல் பிறந்த பண்ணை அந்த மூன்றாவது ஊருக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. கார்ல்ஸ்ரூவ, ஷ்பையர், லாண்டவ் என்ற பெயர்களிலும் கருங்கடல் பக்கம் ஊர்கள் இருந்தன. இது தெரியாமல் அல்சாஸ் ஆவணக் காப்பகத்தில் மாதக்கணக்கில் தேடினாலும் ஒன்றும் அகப்படாது. லுத்தரன் குடும்பமாக இருந்தால், தேட வேண்டிய பதிவேட்டின் நகல் புனித பீட்டர்ஸ்பர்க்கில் இருக்கும்.

அதே டகோட்டாக் கல்லறைகளில் கல்லைவிடக் கண்ணைப் பறிப்பது இரும்பு. மரமும் நல்ல கல்லும் அரிதான அந்தச் சமவெளியில் கொல்லர்கள் பட்டறையில் இரும்புப் பட்டையை வளைத்து, சுருளும் இதயமும் கதிரும் வைத்துச் சிலுவைகள் செய்தார்கள். 1989இல் அமெரிக்க வரலாற்றுச் சின்னங்களின் தேசியப் பட்டியலில் இப்படிப்பட்ட கல்லறைத் தோட்டங்கள் சேர்க்கப்பட்டன. கலைப்பொருள் என்ற வகையில் அவை ஒவ்வொன்றும் அற்புதம். வம்சாவளி தேடுகிறவருக்கோ வயிற்றெரிச்சல். பெயரைத் தகட்டில் வண்ணத்தால் எழுதியிருந்த இடங்களில் வெயிலும் பனியும் எழுத்தைத் தின்றுவிட்டன. சிலுவை நிற்கிறது, ஆள் யாரென்று தெரியவில்லை.

தேதிக்கு வருவோம். 19ஆம் நூற்றாண்டு ஜெர்மன் கல்லறைக் கற்களில் பிறந்த நாளுக்குப் பதிலாக வயது மட்டும் இருப்பது வழக்கம்: இத்தனை ஆண்டு, இத்தனை மாதம், இத்தனை நாள். நாள்வரை எண்ணி எழுதியிருக்கும் அந்தத் துல்லியம் பார்க்கிறவரை மயக்கிவிடும். ஒருவர் 1874 மார்ச் 12இல், 63 ஆண்டு 8 மாதம் 20 நாள் வயதில் இறந்ததாகக் கல் சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதலில் நாளைக் கழித்து, பிறகு மாதத்தை, பிறகு ஆண்டைக் கழித்தால் பிறந்த நாள் 1810 ஜூன் 20. ஆண்டில் தொடங்கி மாதம், நாள் என்று கழித்தால் ஜூன் 22. மாதங்களுக்கு 28, 30, 31 என்று நாள் மாறுவதால் வரும் வித்தியாசம் இது. கணக்குப் போட்ட போதகரோ கல் தச்சரோ எந்த வழியில் போட்டார் என்று கல் சொல்லாது. ரஷ்யாவில் பிறந்தவர் என்றால் இன்னொரு முடிச்சும் விழும். 19ஆம் நூற்றாண்டில் அங்கே புழங்கிய ஜூலியன் நாட்காட்டி மேற்குலக நாட்காட்டிக்கு 12 நாள் பின்தங்கியிருந்தது. கல்லிலிருந்து கிடைக்கும் பிறந்த நாளை இரண்டு வாரம் முன்பின்னாக வைத்துக்கொண்டு பதிவேட்டில் தேடுகிறவர் தேறிவிடுவார். அந்த ஒரே நாளைப் பிடித்துக்கொண்டு, 'இல்லை' என்று ஏட்டை மூடுகிறவர் கைக்கு வந்ததைத் தவறவிடுவார்.

பெயரும் அப்படித்தான். ஒரு வீட்டில் ஐந்து ஆண்பிள்ளைகள் இருந்தால் ஐந்து பேருக்கும் ஞானஸ்நானத்தில் யோஹான் என்று முதல் பெயர் வைத்திருப்பார்கள். கூப்பிடுவது இரண்டாவது பெயரால். கப்பல் பட்டியலில் யோஹான், கல்லில் ஹைன்ரிஷ், கணக்கெடுப்பில் ஹென்றி. மூவரும் ஒருவரே. குடும்பப் பெயரில் இதைவிடக் கூத்து. 1741இல் வந்த ஐசன்ஹவர் குடும்பத்தின் பெயர் அமெரிக்க நாக்கில் உருமாறி, பின்னால் ஜனாதிபதி ஐசனோவர் என்று உலகம் அறிந்தது. ஹூபர்கள் ஹூவர் ஆனார்கள். முல்லர் மில்லராவதும், ஷ்மிட் ஸ்மித்தாவதும் அன்றாட நடப்பு. ஒரே குடும்ப வளாகத்தில் தகப்பனுக்கு ஒரு எழுத்து, மகனுக்கு ஒரு எழுத்து என்று இருந்தால், பெயர் எந்தத் தலைமுறையில் மாறியது என்பதைக் கல்லே காட்டிக்கொடுத்துவிடும். இதை எந்த அரசு ஆவணமும் இவ்வளவு பளிச்சென்று காட்டாது.

பெண்கள் விஷயத்தில் ஜெர்மன் மொழிக் கல் ஒரு வரப்பிரசாதம். மணமான பெண்ணின் பெயரை அடுத்து அவள் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயரையும் பொறிப்பது ஜெர்மன் வழக்கம். அடுத்த தலைமுறையில் ஆங்கிலத்துக்கு மாறிய கற்களில் 'இன்னாரின் மனைவி' என்பதோடு சரி. பாட்டியின் கல் ஜெர்மனில் இருந்தால் அவளுடைய தகப்பன் வீடு தெரியும். அம்மாவின் கல் ஆங்கிலத்தில் இருந்தால் தாய்வழி அங்கேயே அறுந்துபோகும். மொழி மாறியதில் குடும்ப வரலாறு இழந்தது என்னவென்று யாராவது கேட்டால், இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

மொழி ஏன் மாறியது? முதல் உலகப் போர் என்று உடனே பதில் வரும். அதில் உண்மை உண்டு. 1918 மே மாதம் ஐயோவா ஆளுநர் வில்லியம் ஹார்டிங், பள்ளியிலும் பொது இடத்திலும் தொலைபேசியிலும் தேவாலயத்திலும்கூட ஆங்கிலம் தவிர வேறு மொழி கூடாதென்று ஆணை போட்டார். ஆனால் எல்லாப் பழியையும் போர் மேல் போட்டுவிட முடியாது. அமெரிக்காவில் பிறந்த பிள்ளைகள் தகப்பனுக்கு ஆங்கிலத்தில் கல் வைப்பது 19ஆம் நூற்றாண்டிலேயே நடந்துகொண்டிருந்தது. டெக்சஸ் மலைநாட்டில் போருக்குப் பிறகும் ஜெர்மன் எழுத்துகள் கல்லில் தொடர்ந்தன. கல்லின் மொழி, இறந்தவர் பேசிய மொழியைவிடக் கல்லுக்குப் பணம் கொடுத்தவர் பேசிய மொழியையே காட்டுகிறது. ஜெர்மனும் ஆங்கிலமும் இல்லாத விசித்திரமும் உண்டு. அமெரிக்க லுத்தரன் சபையின் தந்தை என்று போற்றப்படும் ஹென்றி மெல்கியோர் முலன்பெர்க் 1787இல் இறந்தார். பென்சில்வேனியாவின் டிராப் ஊரில் இருக்கும் அவருடைய கல்லறை எழுத்து லத்தீன். இவர் எப்பேர்ப்பட்டவர் என்று வருங்காலம் கல்லின் உதவியில்லாமலே அறியும் என்ற பொருளில் போகிறது அந்த வாசகம். கல்லைத் தேடி வருகிறவர்களுக்கு நல்ல குட்டு. தரங்கம்பாடியில் சீகன்பால்கு தொடங்கிய மிஷனைத் தாங்கி நின்ற ஹாலே நகரத்து நிறுவனத்திலிருந்துதான் முலன்பெர்க்கும் 1742இல் அமெரிக்கா வந்து சேர்ந்தார்.

பக்கத்துக் கல் யாருடையது என்று பார்ப்பது வம்சாவளி தேடுகிறவர்களின் பால பாடம். ஒரே கிராமத்திலிருந்து அண்ணன், மைத்துனன், பக்கத்து வீட்டுக்காரன் என்று வரிசையாகக் கிளம்பி வந்தவர்கள், செத்த பிறகும் பக்கத்தில் கிடப்பார்கள். ஒரு கல்லில் ஊர் இல்லாவிட்டால் அடுத்த கல்லில் இருக்கலாம். ஆனால் இந்த விதி எல்லா இடத்திலும் செல்லாது. பல ஜெர்மன் சபைகளின் தோட்டங்களில் குடும்பப்படி அல்லாமல் இறந்த வரிசைப்படிதான் அடக்கம். பென்சில்வேனியாவின் பெத்லகேமில் மொரேவியன் சபையார் 1742இல் தொடங்கிய 'தேவனின் நிலம்' இதன் எல்லை. அங்கே மணமான ஆண்கள், மணமான பெண்கள், மணமாகாதவர்கள், குழந்தைகள் என்று பிரித்துப் பிரித்துப் புதைத்தார்கள். கணவன் ஒரு பக்கம், மனைவி ஒரு பக்கம். கற்களோ தரையோடு தரையாகப் படுத்த, ஒரே அளவான சதுரப் பலகைகள்; செல்வனுக்கும் ஏழைக்கும் ஒரே கல். குடும்பம் தேடி அங்கே போகிறவர் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான் என்று தோன்றும். ஆனால் அந்தச் சபையில் ஒவ்வொருவரும் தன் வாழ்க்கைக் கதையை எழுதிவைப்பதும், அடக்கத்தின்போது அதை வாசிப்பதும் மரபு. அந்த ஏடுகள் ஆயிரக்கணக்கில் பெத்லகேம் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. கல் மௌனமாக இருக்கும் அந்த ஊரில்தான் ஏடு அதிகம் பேசுகிறது.

எதிர்த் துருவம் மில்வாக்கியின் ஃபாரஸ்ட் ஹோம். 1850இல் திறந்த இந்தத் தோட்டத்தில் பாப்ஸ்ட், பிளாட்ஸ் என்று பீர் முதலாளிகள் கோபுரமாய் எழுந்து நிற்கிறார்கள். அங்கே ஜோசப் ஷ்லிட்ஸுக்கும் பெரிய நினைவுச்சின்னம் உண்டு. அவர் உடல் மட்டும் அங்கே இல்லை. மைன்ஸ் நகரில் பிறந்த ஷ்லிட்ஸ், மதுவடிப்பாலை முதலாளி ஆகஸ்ட் க்ரூக்கிடம் கணக்கராக இருந்து, அவர் இறந்தபின் நிர்வாகத்தை ஏற்று, அவருடைய விதவையை மணந்தவர். சொந்த நாட்டைப் பார்க்கப் புறப்பட்ட அவர் ஏறிய ஷில்லர் கப்பல், 1875 மே மாதம் இங்கிலாந்துக்கருகே சில்லி தீவுகளின் பாறையில் மோதி மூழ்கியது. உடல் கிடைக்கவேயில்லை. கல் இருக்கும் இடத்தில் ஆள் அடக்கமாகியிருக்கிறார் என்று எழுதிக்கொள்கிறவர்களுக்கு இந்த ஒரு சின்னம் போதும்.

கணக்கெடுப்பு ஏடு சொல்லாததைக் கல் சொன்ன இடமும் இருக்கிறது. நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில், மிடில் வில்லேஜில் இருக்கும் லுத்தரன் கல்லறைத் தோட்டத்தில் நடந்தால் ஒரே தேதி திரும்பத் திரும்பக் கண்ணில் படும்: 1904 ஜூன் 15. மன்ஹாட்டனின் 'சின்ன ஜெர்மனி'யில் இருந்த புனித மாற்கு லுத்தரன் சபை அன்று ஆண்டு உல்லாசப் பயணத்துக்கு ஜெனரல் ஸ்லோகம் என்ற நீராவிப் படகை வாடகைக்கு எடுத்திருந்தது. அது புதன்கிழமை, ஆண்கள் வேலைக்குப் போய்விட்டார்கள், படகில் இருந்தவர்கள் பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். கிழக்கு ஆற்றில் படகு தீப்பிடித்தது. தண்ணீர்க் குழாய்கள் மக்கி வெடித்தன. உயிர்காப்பு மிதவைகளின் தக்கை பொடிப்பொடியாகிக் கிடந்தது. 1,021 பேர் மாண்டார்கள். அடையாளம் தெரியாதவர்களுக்காக அந்தத் தோட்டத்தில் எழுப்பிய நினைவுச்சின்னத்தை 1905இல் திறந்துவைத்தது, தப்பிப் பிழைத்த கைக்குழந்தை அடெல்லா லீபெனாவ். இரண்டு அக்காமாரை அந்தப் படகில் இழந்த அவர் 2004இல், நூறு வயதில் இறந்தார்.

இப்போது ஒரு குடும்ப வரலாற்றாளர் இடத்தில் நின்று பார்த்தால் விஷயம் புரியும். 1900 கணக்கெடுப்பில் ஒரு தையல்காரர், மனைவி, நான்கு பிள்ளைகள். 1910 கணக்கெடுப்பில் அதே தையல்காரர், வேறு மனைவி, நகரின் வடக்கே வேறு தெரு. இடையில் என்ன நடந்தது? கணக்கெடுப்புக்கு அது தேவையில்லை. மிடில் வில்லேஜில் ஒரே தேதி பொறித்த கல் சொல்லும். 'சின்ன ஜெர்மனி'யிலிருந்து குடும்பங்கள் வடக்கே யார்க்வில் பக்கம் பெயர்ந்ததற்கும் அந்த ஜூன் நாள் ஒரு காரணம்.

இப்படிப்பட்ட இடைவெளிகளில் பெரியது 1880க்கும் 1900க்கும் நடுவே இருப்பது. 1890 கணக்கெடுப்பு ஏடுகள் 1921இல் வாஷிங்டனில் பிடித்த தீயில் நாசமாகி, மிச்சமும் பின்னால் ஒழிக்கப்பட்டன. ஜெர்மானியர்கள் மிக அதிகமாக வந்திறங்கியதும் அந்தக் காலத்தில்தான். 1880களில் மட்டும் 14 லட்சத்துக்கு மேல், 1882இல் மட்டும் சுமார் இரண்டரை லட்சம். 1882இல் பிறந்து 1889இல் தொண்டை அடைப்பான் கண்டு இறந்த குழந்தை எந்தத் தேசியக் கணக்கெடுப்பிலும் இல்லை. ஊர் ஊராகப் பிறப்பு இறப்புப் பதிவும் அப்போது ஒழுங்காக இல்லை. முழங்கால் உயரத்தில், உச்சியில் ஆட்டுக்குட்டி படுத்திருக்கும் ஒரு சலவைக்கல்தான் அந்தக் குழந்தை பிறந்ததற்கே சாட்சி.

அந்தச் சலவைக்கல்தான் எல்லாவற்றிலும் சீக்கிரம் அழிகிறது. மழையில் கலந்த அமிலம் அதைக் கரைக்கிறது. மணற்கல் அடுக்கடுக்காக உரிகிறது. முந்தைய நூற்றாண்டின் ஸ்லேட் பலகையில் துலிப் பூவும் இதயமும் இன்னும் கூர்மையாகத் தெரிகின்றன. மங்கிய எழுத்தைப் படிக்கச் சாக்கட்டி தேய்ப்பது, சவர நுரை பூசுவது, வெளுப்புக் கரைசல் ஊற்றுவது எல்லாம் கல்லுக்குக் கேடு. ஒரு கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்து வெயிலைப் பக்கவாட்டில் கல்மேல் விழவைத்தால் போதும், பள்ளங்களில் நிழல் விழுந்து எழுத்து எழுந்து நிற்கும். படித்தது ஃப்ராக்டூர் என்ற பழைய ஜெர்மன் எழுத்து என்றால் இன்னும் நிதானம் வேண்டும். அதில் நீண்ட 'எஸ்' எழுத்தை 'எஃப்' என்று படித்து, இல்லாத குடும்பத்தையே உண்டாக்கியவர்கள் உண்டு. 1995இல் தொடங்கிய ஃபைண்ட் எ கிரேவ் போன்ற இணையத் தொகுப்புகள் இந்தத் தேடலை வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டன. ஆனால் அங்கே கல்லின் படம் இருக்கும் பதிவும், யாரோ சொல்லக் கேட்டு யாரோ சேர்த்த பதிவும் ஒரே தோற்றத்தில் கிடக்கின்றன. படம் இல்லாத பதிவு, கல்லே இல்லாத கல்லறைக்குச் சமம்.

எப்போது நட்ட கல் என்ற கேள்வியும் உண்டு. நியூயார்க் மாநிலத்தின் வெஸ்ட் கேம்ப்பில், ஜெர்மனியின் பாலட்டினேட் பகுதி அகதிகளின் போதகர் யோஷுவா கோஹர்தாலுக்கு ஜெர்மன் எழுத்துக் கல் ஒன்று இருக்கிறது. அவர் இறந்தது 1719இல்; கல்லில் இருக்கும் ஆண்டு 1742. அவர் கூட்டத்தாரைத் தொடர்ந்து 1710இல் வந்தவர்கள் எல்லோரையும் ஆங்கில அரசு 'பாலட்டைன்கள்' என்றே எழுதிவைத்தது. அவர்களில் ஒருவரான யோஹான் கொன்ராட் வைசரோ வியூர்ட்டம்பெர்க்கின் கிராஸ் ஆஸ்பாக்கைச் சேர்ந்தவர். அவர் மகனுடைய பெண்ணைத்தான் முலன்பெர்க் மணந்தார். இந்தக் குடும்பங்களில் பலவற்றுக்குத் தலைமுறை தாண்டிய கல் கிடையாது. 1985இல் நியூயார்க் பாலட்டைன் குடும்பங்களைப் பற்றிப் பெருந்தொகுப்பு வெளியிட்ட ஹென்றி ஜோன்ஸ், வேலையை மறுமுனையிலிருந்து தொடங்கினார். ஒரு குடும்பத்தின் ஊர் தெரிந்தால், அதன் சுற்றுவட்டாரச் சபைப் பதிவேடுகளையெல்லாம் ஜெர்மனியில் வரிவரியாகப் புரட்டவைத்து, நியூயார்க்கில் பக்கத்து நிலத்தில் இருந்தவர்கள் அங்கேயும் பக்கத்து ஊர்க்காரர்களா என்று பார்த்தார். நூற்றுக்கணக்கான குடும்பங்களின் பூர்வீகம் அப்படித்தான் தெரியவந்தது.